கீபோர்டுப் பெட்டியின் நீல மணிகள்

காலை ஆறு பத்து. மாடிப்படி இறங்கியதும் நான் முதலில் பார்த்தது, கீழ்வீட்டுப் பின்வாசலில் ஒற்றை அடுப்பின் மேல் இருந்த தோசைக்கல்லை. அதில் மாவு இல்லை. கொத்தமல்லி விதை அளவில் ரோஸ் நிற மணிகள் பரப்பிக் கிடந்தன. கல்லுக்கு முன்னால் குத்தவைத்து, மரக்கரண்டியால் அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தார் வீட்டுக்காரத் தம்பதியில் கணவர். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவி. அவருடைய வலது கை முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது. இடது கையில் குடை பிடித்திருந்தார், தனக்கு அல்ல, அடுப்புக்கு. ஐப்பசித் தூறல்.

"வாங்க அண்ணாச்சி, பொரி வறுக்குதோம்," என்றார் கணவர். "ஒரு கை அள்ளிப் போட்டுக்கிடுங்க. வயித்துல உள்ள தண்ணி பூராவும் வத்திரும்."

"அவரு சொல்லுதாருன்னு வாயில போட்டுராதீங்க," என்றார் மனைவி. "அந்தச் சாயம் நெசமாவே வெசம். ஏங்க, தீயக் குறைங்க. கருகிட்டுன்னா பொறவு ஒண்ணுக்கும் ஆவாது."

கரண்டி புரளப் புரள ரோஸ் நிறம் வெளிறியது. பிறகு ஊதா. பிறகு கல்லின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீலம் பரவியது. எல்லாம் பேனா மை நிறத்துக்கு வந்ததும் அவர் அடுப்பை அணைத்தார். மணிகளைச் சூட்டோடு ஓர் எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, உடனே மூடினார். ஆறவிட்டு மூடக் கூடாதா என்று கேட்டேன்.

"ஆறுத நேரத்துல காத்துல உள்ள ஈரத்தைக் குடிச்சிரும் அண்ணாச்சி," என்றார் மனைவி. "பசியோட இருக்கும்போதே உள்ள தள்ளிக் கதவச் சாத்தணும்."

அவை சிலிகா ஜெல் மணிகள். புதுச் செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம் கிடக்குமே, அதே சரக்கு. காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் ரோஸ், காய்ந்தால் நீலம். வறுத்து வறுத்துப் பல வருடம் பயன்படுத்தலாம். அன்று வறுத்தது இரண்டாவது முறை. முதல்முறை வறுத்துப் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் மறுபடி ரோஸ். அதுதான் அவர்களுக்குப் புரியவில்லை.

அந்தத் தம்பதி நடத்துவது ஒரு மெல்லிசைக் குழு. பத்திரிகை வேலையை விட்டபின் நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கணவர் ரிதம் பேட் வாசிப்பார், வேன் பேசுவார், மேடையில் மைக் பிடித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். மனைவி கீபோர்டு. ஊர்களில் அவருக்குக் கீபோர்டக்கா என்றுதான் பெயர். பங்குனியிலிருந்து ஆவணி முடிய அவர்கள் வீட்டில் இருப்பது குறைவு. குருவிகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் அம்மன் கோயில் கொடை விழா, வாசுதேவநல்லூர்ப் பக்கம் கல்யாண வரவேற்பு என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். மழைக்காலத்தில் கச்சேரி கிடையாது. அப்போது கீபோர்டக்கா தினமும் சாயங்காலம் வீட்டில் வாசிப்பார். வாசிக்கும்போது கீபோர்டு சூடாகும், கட்டைகள் அசையும், ஈரம் தங்காது. ஆனால் அந்த வருடம் புரட்டாசியில் ஒரு மேடையிலிருந்து இறங்கும்போது படிப்பலகை புரண்டு மணிக்கட்டு முறிந்தது. மழைக்காலம் முழுக்கக் கீபோர்டைத் தொட முடியாது என்று ஆனது.

அந்தக் கீபோர்டு பழையது. அந்த மாடல் இப்போது வருவதில்லை. புதிது வாங்கினால் தீராத ஒரு சிக்கல் அதில் இருந்தது. கொடைகளுக்கென்று கீபோர்டக்கா தானே அடித்துச் சேர்த்த தாளங்கள் அதற்குள் இருந்தன. அவற்றுக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது. பதினேழாம் எண் கும்மிக்கு. ஒரு கோடை முழுவதும் கும்மி சுற்றும் பெண்களின் கால்களைப் பார்த்துப் பார்த்து அதை அமைத்தார். அவர்கள் களைத்தால் ஒரு விரலால் வேகத்தைக் குறைப்பார். சாமி வந்து ஆடினால் கூட்டுவார். பதிவு செய்த பாட்டை ஓடவிட்டால் இது நடக்காது. 'பதினேழு போடுங்கக்கா' என்று ஊர்க்காரர்களே எண்ணைச் சொல்லிக் கேட்பதை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

இந்தத் தாளங்களுக்குப் பிரதி பழைய பிளாப்பி டிஸ்க்குகளில் இருந்தது. அதற்கு முந்தைய மழையில் அலமாரிக்குள் இருந்த பிளாப்பிகளில் வெள்ளைப் பூஞ்சை பூத்தது. எதையும் கீபோர்டு படிக்கவில்லை. ஆக, தாளங்கள் அந்த ஒரு கீபோர்டின் மெமரியில் மட்டும் மிஞ்சின. உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் பச்சைக் களிம்பு ஏறினால் அதுவும் போய்விடும்.

சங்கரன்கோவிலில் ஈரத்துக்குப் பயப்படுகிறேன் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். வருடத்தில் பாதிக்கு மேல் குழாயில் தண்ணீர் வருமா என்பதுதான் இங்கே பேச்சு. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் கீழ்வீட்டுப் பழைய சுண்ணாம்புச் சுவர் இடுப்புயரம் வரை நனைந்து நிற்கும். அதனால் கீபோர்டு இருக்கும் பெட்டியை என் மாடி அறையில் வைக்கலாமா என்று கேட்டார்கள். வைத்தார்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒட்டுப்பலகையில் செய்து ஓரமெல்லாம் தகரம் அடித்தது. கீபோர்டக்கா சொல்லி, கணவர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரைக் கழற்றி வந்து மூடி விளிம்பைச் சுற்றி ஒட்டினார். மூடினால் ஃபிரிட்ஜ் மூடுகிற அதே சத்தம். பெட்டியின் பக்கத்தில் ஒரு துளை போட்டு, சின்னக் கண்ணாடித் துண்டைப் பசை வைத்து இறுக்கினார்கள். கண்ணாடிக்குப் பின்னால், வலைத்துணியில் முடிந்த ஒரு பிடி மணி. மற்ற மணிகள் கணவரின் பழைய வேட்டியை இரண்டாக மடித்துத் தைத்த பைகளில் நான்கு மூலைக்கும் போயின. மணித் தூள் கட்டைகளுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக இரண்டு மடிப்பு. பெட்டியைத் திறக்காமலே கண்ணாடி வழியாக நிறம் பார்க்கலாம்.

"ரப்பரெல்லாம் எதுக்கு, மணிதான் இருக்கே?" என்று அப்போது கேட்டேன்.

"பெட்டிய இறுக்கி மூடலைன்னா அந்த மணி சங்கரன்கோவில் முழுசையும் காயவைக்கணும் அண்ணாச்சி," என்றார் கீபோர்டக்கா. "அம்புட்டு மணி நம்மகிட்ட இல்ல."

நிறம் பார்த்துச் சொல்வது என் வேலையானது. காலையில் படியின் மேலிருந்து சொல்வேன். கணவர் கீழிருந்து கேட்பார்:

"இன்னைக்குத் தலைப்புச் செய்தி என்ன அண்ணாச்சி?"

"நீலம்."

"மறுப்பு ஒண்ணும் வராதே?"

இரண்டாவது வறுவலுக்குப் பிறகு வந்தது மறுப்புதான். முதலில் ஊதா. அடுத்த காலையில் ரோஸ். நான் படியில் நின்று அதைச் சொன்னபோது கீழே சிரிப்பு இல்லை. கீபோர்டக்கா மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே வந்தார். கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"மணி டூப்ளிகேட்டு," என்றார் பின்னால் வந்த கணவர். "போன்ல பாத்து வாங்குனா இப்பிடித்தான். நான் அப்பமே சொன்னேன்."

"நீங்க எப்பம் சொன்னீங்க?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

நான் என் அறையின் சன்னலைக் குற்றம் சொன்னேன். அது சரியாக மூடாது. கீபோர்டக்கா எங்கள் இருவர் பேச்சையும் சோதித்துப் பார்த்தார். கீழே போய், வறுத்ததில் மிச்சம் இருந்த மணிகளை ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி, கொண்டுவந்து பெட்டியின் மேலேயே வைத்தார். அதே மணி, அதே அறை, அதே சன்னல். பாட்டிலில் இருந்தது மூன்றாம் நாளும் நீலமாகவே நின்றது. மணி நல்ல மணிதான்.

அடுத்து ரப்பர். அன்று பொழுது சாய்ந்ததும் அறை விளக்கை அணைக்கச் சொன்னார். கணவர் மூடியைத் திறந்து, எரிகிற டார்ச்சைக் கீபோர்டின் மேல் வைத்து, சட்டென்று மூடினார். மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தோம். கண்ணாடித் துண்டு மட்டும் மஞ்சளாக எரிந்தது. மூடி விளிம்பில் மயிரிழை வெளிச்சம்கூட இல்லை.

பத்திரிகையில் இருந்தவரை பல விசாரணைகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஆளைப் பிடித்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுவார்கள். இவர் ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே வந்தார். மணியை விட்டார், சன்னலை விட்டார், ரப்பரை விட்டார். ஒரு பாட்டிலையும் ஒரு டார்ச்சையும் வைத்துக்கொண்டு, அதுவும் ஒற்றைக் கையோடு.

விளக்கைப் போட்டதும் சொன்னார்:

"வெளிய இருந்து வரல. அப்பம் ஈரம் உள்ளயேதான் இருக்கு."

பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"உள்ள என்ன வச்சீங்க?"

"நானா? கீபோர்ட வச்சேன்."

"வேற?"

"நீ தைச்ச பையி நாலு வச்சேன்."

"வேற?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

"சாமி விசயத்தையெல்லாம் நோண்டக் கூடாதுட்டி," என்றார் அவர்.

கீபோர்டக்கா மூடியைத் திறந்தார். கீபோர்டின் அடியில் விரித்திருந்த ஸ்பாஞ்சை மூலையில் தூக்கினார். அங்கே மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு, எலுமிச்சை அளவு. துணியில் ஈரம் தெரிந்தது. அவிழ்த்தபோது உள்ளே புற்றுமண்.

எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் இடுவார்கள், சொறி சிரங்குக்குப் பூசுவார்கள். வீட்டு மூலையில் வைத்தால் விஷ ஜந்து அண்டாது என்பார்கள். கீபோர்டுக்குள் பல்லியும் எறும்பும் போகக் கூடாது, மனைவியின் கையும் சீக்கிரம் கூட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பெட்டியை மூடுகிற அன்று காலை அவர் கோயிலுக்குப் போயிருக்கிறார். திரும்பும் வழியில் மழை. சட்டைப் பையில் இருந்த மண் நனைந்து களியாகிவிட்டது. அதை அப்படியே முடிந்து உள்ளே வைத்து மூடிவிட்டார். முதல் வறுவலின் போதும் அது அங்கேதான் இருந்தது. இரண்டாவதின் போதும்.

இந்தத் தவறு வேறு ஊரில் நடந்திருக்காது.

கீபோர்டக்கா மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பார்த்தார்.

"தண்ணி குடிக்குத மணி நாலு பையி வச்சேன். நீங்க அது குடிக்கத் தண்ணியும் வச்சிருக்கீங்க."

"கை சரியாகணும்னுதான்..."

"கைக்கு வேண்டுனா கையில முடிஞ்சு கெட்ட வேண்டியதானே?"

"கையில எங்கன கெட்ட? மாவுக்கட்டு இருக்குல்லா."

கீபோர்டக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே டார்ச்சை எடுத்துக் கீபோர்டின் பின்பக்கம் அடித்தார். சிரிப்பு நின்றது. கடைசிக் கட்டைக்குப் பின்னால் இருந்த ஒரு திருகின் தலையில் துரு. குண்டூசி முனை அளவுதான். வெளியே தெரிகிற திருகே இப்படி என்றால் உள்ளே எப்படி இருக்கும்?

"கரண்ட் குடுத்துப் பாத்துருவமா?" என்றார் கணவர். குரல் இறங்கியிருந்தது.

"வேண்டாம். ஈரத்தோட கரண்ட் குடுத்தா இருக்கதும் போயிரும். முதல்ல காயட்டும்."

"அப்பம் மண்ண எடுத்துருதேன்."

சொல்லிவிட்டாரே தவிர அவர் கை நீளவில்லை. வேண்டிக்கொண்டு வைத்ததை எடுக்க அவருக்கு மனமில்லை. எனக்கே தெரிந்தது, மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா?

"எதுக்கு எடுக்க? காயவச்சு வைப்போம். ஈரமா வைக்கணும்னு கோயில்ல யாரும் சொன்னாங்களா?"

அவர் யோசித்தார். "சொல்லல."

"பொறவென்ன?"

காயவைக்க வெயில் இல்லை. தோசைக்கல்லில் வறுக்கலாம் என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் மறுத்தார்கள். விஷச் சாயம் ஏறிய கல்லில் பிரசாதமா? கடைசியில் மண்ணை ஒரு தாம்பாளத்தில் உதிர்த்துப் பரப்பி, கூடத்தில் இருந்த இன்வெர்ட்டரின் மேல் வைத்தார் கீபோர்டக்கா. அது எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். தினமும் இடது கையால் கிளறிவிட்டார். மண் வெளுத்து, பொலபொலவென்று ஆனது. விரலில் எடுத்தால் ஒட்டவில்லை, ஊதினால் பறந்தது.

மூன்றாவது முறை மணிகளை வறுத்துப் பைகளில் போட்டபோது, மிஞ்சிய வேட்டித் துணியில் மண்ணுக்கும் இரண்டு மடிப்பில் ஒரு பை தைக்கச் சொன்னார். தைத்தது கணவர்தான். தையல் கோணலாக இருந்தது.

"காஞ்ச மண்ணும் ஈரத்தக் குடிக்கும்," என்றார் கீபோர்டக்கா, அதை அதே மூலையில் வைத்தபடி. "மணி அளவுக்குக் குடிக்காது. ஆனா குடிக்கும். ரெண்டும் சேந்து வேலை பாக்கட்டும்."

"நான் அதுக்குத்தான் வச்சேன்," என்றார் கணவர்.

"ஆமா, வச்சீங்க."

அதற்குப் பிறகு கார்த்திகை மழை. அந்த மழையை நான் சாமான்களில் அளந்தேன். உப்பு கசிந்து தட்டில் தேங்கியது. தீப்பெட்டி உரசினால் மருந்து வழுகியது. கொடியில் போட்ட துண்டு காயாமல் வாடை அடித்தது. நான் கட்டி வைத்திருந்த பழைய செய்தித்தாள்கள் அப்பளம் நமுத்த மாதிரி தொய்ந்தன. அந்தக் கட்டுகளிலிருந்து கை எட்டும் தூரத்தில், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால், நீலம். மாத முடிவில் லேசாக ஊதா கலந்தது. மழை விட்ட ஒரு மத்தியானமாகப் பார்த்து நான்காவது வறுவல் நடந்தது. பெட்டியைத் திறந்து மூட அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்திருப்பேன். கணவர் மூடியைத் தூக்கினார், கீபோர்டக்கா பழைய பைகளை எடுத்து, மிச்ச மணியை வறுத்து நிரப்பிய பைகளை வைத்தார், மூடி விழுந்தது. அவ்வளவுதான். மேடையில் ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு அவர்கள் மாறுவதும் இப்படித்தான்.

இடையில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. கீபோர்டக்கா சாப்பாட்டு மேசையின் மேல் வாசிக்க ஆரம்பித்தார். மேசையில் சத்தம் இல்லை. கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை, சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரை. சுண்டுவிரல் கடைசியாகத்தான் பணிந்தது. ஒருநாள் இடையில் நிறுத்தி, "இதுவும் துருப்பிடிச்சுப் போச்சு," என்றார். பிறகு தொடர்ந்தார்.

தை பிறந்ததும் குருவிகுளம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து கேட்டு வந்தார்கள். புதுக் கோயில், முதல் கொடை. கும்மி உண்டு. கீபோர்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமலே கணவர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

"சத்தம் வரலைன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"நான் வாயாலயே பதினேழு போட்டுருவேன் அண்ணாச்சி."

"போடுங்க," என்றார் கீபோர்டக்கா. "ஊர்க்காரங்க கல்ல எடுத்ததும் வேன் வரைக்கும் அந்த வேகத்துலயே ஓடிரலாம்."

கச்சேரி நாள் காலை, நல்ல வெயிலில், என் அறையில் பெட்டியைத் திறந்தார்கள். பைகளுக்குள் மணிகள் நீலம். பூஞ்சை வாடை இல்லை, பலகையும் ரப்பரும் கலந்த வாசனை. திருகில் இருந்த துரு அதே குண்டூசி முனை அளவில் இருந்தது. கீபோர்டக்கா உலர்ந்த துணியால் கட்டைகளைத் துடைத்தார். பிளக்கைச் செருகச் சொன்னார். கணவர் செருகிவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றார். திரையில் வெளிச்சம் வந்தது.

அவர் வாசிக்கவில்லை. இடது கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு வந்தார், வெள்ளை, கறுப்பு, வெள்ளை. ஒவ்வொன்றும் சத்தம் முழுதாக அடங்கும்வரை காத்திருந்தார். வலது கோடிக்கு முன்னால் ஒரு கறுப்புக் கட்டை ஊமையாக இருந்தது. மறுபடி அழுத்தினார். இல்லை. விரலை எடுக்காமல் மெல்ல, திரும்பத் திரும்ப, குழந்தைக்கு முதுகு தட்டுவதுபோலத் தட்டினார். கம்மிய குரலில் வந்தது. இன்னும் தட்டினார். மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

பிறகு தாளங்கள். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. கணவர் ஒவ்வொன்றுக்கும் தொடையில் தட்டிச் சரிபார்த்தார். பதினாறு முடிந்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டார். கீபோர்டக்கா பதினேழை அழுத்தினார்.

வந்தது. முழுசாக, ஓர் அடி பிசகாமல். கீழே தெருவில் போன யாரோ நின்று மாடியைப் பார்த்தார்கள். கணவர் அறையின் நடுவில் வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு சுற்று கும்மி அடித்தார். அவருக்கு மூச்சு வாங்கியதும், வலது கைச் சுண்டுவிரலால் கீபோர்டக்கா வேகத்தைக் குறைத்தார்.

வேன் நாலு மணிக்கு வந்தது. கீபோர்டைப் பெட்டியில் வைத்து மூடும்போது புற்றுமண் பை அதன் மூலையில் இருந்தது.